காதர் காய்ச்சிய முதல் நோன்புக் கஞ்சி

பினாங்கில் என்னை முதலில் திட்டியவர் ஒரு பஸ் டிரைவர். ஏறியதும் பெரிய நோட்டை நீட்டினேன். மனிதர் அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த பெட்டியைக் காட்டி மலாயில் ஏதோ பொரிந்து தள்ளினார். சரியான சில்லறையை நாமே பெட்டிக்குள் போட வேண்டும், மீதி கேட்கக் கூடாது, அதுதான் இங்கே சட்டமாம். நம் ஊர்க் கண்டக்டர் முறைத்துக்கொண்டாவது சில்லறை தருவார். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க, பின்னால் தொழிற்சாலை உடுப்பில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் தன் கார்டை மெஷினில் இரண்டு தடவை தட்டினாள். "அங்கிள், உங்களுக்கும் சேத்துத் தட்டிட்டேன். உள்ள போங்க லா, பின்னால ஆள் நிக்குது" என்றாள். பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல மாப்பிள்ளையாகக் கொடுக்கட்டும்.

என் பெயர் மைதீன். கடையநல்லூர்க்காரன். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. என் மச்சினன் அப்பாஸ் பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் குடியிருக்கிறான். அவன் மகள் கல்யாணத்துக்காக வந்தேன். வீட்டுக்காரிக்கு முட்டுவலி, அதனால் நான் மட்டும். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிரியாணியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அரிசி ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், சண்டை போட்ட சம்பந்திமார் மாதிரி கிடந்தன. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊர் திரும்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. எல்லோரும் மலையைப் பார், சுவரில் வரைந்த படத்தைப் பார் என்றார்கள். நான் காதரைப் பார்க்கக் கிளம்பினேன்.

காதரும் நானும் ஒரே உஸ்தாதிடம் தொழில் படித்தவர்கள். ஒரே வயது. கரிப்புகையில் ஒன்றாக இருமி, ஒரே பாயில் படுத்தவர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவன் இங்கே வந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை போட்டான். ஆறு பேர் வேலை பார்த்த கடை. ஒரு தடவை ஊரில் தேக்சா, அதாவது பெரிய பிரியாணிச் சட்டி, இறக்கும்போது சறுக்கி விழுந்து என் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஏழு மாதம் கட்டில். பார்க்க வந்த கூட்டமெல்லாம் இரண்டாம் மாதத்தோடு நின்றுபோனது. காதர் மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் போன் போடுவான். அந்த வாரம் கடையில் என்ன ஆக்கினான், எது கெட்டது, எவன் குறை சொன்னான் என்று ஒரு மணி நேரம் பேசுவான். அந்த ஏழு மாதம் எனக்குக் கோட்டி பிடிக்காமல் காப்பாற்றியது அவன் வாய்தான். கால் சரியான பிறகும் வெள்ளிக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை.

கொரோனா வந்து போன பிறகு அது நின்றது. நான் போட்டாலும் எடுக்கவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், மூன்று மாதம் பார்த்தேன். பெரிய முதலாளி ஆகிவிட்டான், பழைய பண்டாரிப் பயலோடு பேச நேரமில்லை என்று முடிவு கட்டி நம்பரையே அழித்தேன். ஆகவே அன்று பஸ்ஸில் நான் போனது சண்டை போடத்தான். பொய் சொல்லக் கூடாது.

இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கடைசியில் துறைமுகத்தடியில் இறங்கினேன். நடந்தே திரும்பினேன். வெயில் நம் ஊர் வெயில் மாதிரி நேராக அடிப்பதில்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டு அமுக்குகிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிவாசல் மினாரா தெரிந்ததும் சந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டுக் கேக் விற்கிறார்கள். உள்ளே வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் கேக்கைத் தின்னாமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் விசாரித்தேன். "காதர் அண்ணனா? கடை போயி மூணு வருசமாச்சே! ஒங்களுக்குத் தெரியாதா? பின் லோரோங்ல, இந்தச் சந்துக்கு அடுத்த சந்துல, வெங்காய மண்டி இருக்கு, அங்க உரிச்சிக்கிட்டு இருப்பாரு" என்றார். அவர் கை பூவை விடவே இல்லை.

போட வந்த சண்டையெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது.

மண்டி வாசலில், முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மூட்டை காலி, இன்னொன்று பாதி. மெலிந்துபோய், தாடி முழுக்க நரைத்து. என்னை நிமிர்ந்து பார்த்தான், மறுபடி வெங்காயத்தைப் பார்த்தான். நான் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"ஏலே காதரு."

"கண்ணு எரியுது மாப்ளே" என்றான். வெங்காயம்தான் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். கத்தியை வைத்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றான். அவன் சாப்பிட்டிருக்கிற லட்சணம் தெரிந்தது. அவனும் சாப்பிடட்டும் என்று, இல்லை என்றேன்.

பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனான். நம் ஊரில் ஓர் ஆணத்தை, குழம்பைத்தான் சொல்கிறேன், ஊற்றித் தின்று முடித்த பிறகுதான் அடுத்தது. இங்கே மீன், கோழி, பருப்பு, இன்னும் என்னென்னவோ, நாலு ஆணத்தையும் ஒரே சோற்றின் தலையில் கொட்டுகிறார்கள். "பஞ்சிர்" என்று கேட்டு வாங்கவேண்டுமாம், வெள்ளம் என்று அர்த்தம். இதென்ன கூத்து என்று ஒரு வாய் வைத்தேன். அடடா! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன்.

"மீன் ஆணத்துல புளி கொஞ்சம் தூக்கல், இல்லலே?" என்று கேட்டேன்.

"இருக்கும், இருக்கும்" என்றான் காதர். ஊசி மிளகாயாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தான். இருக்கும் என்றால் என்ன பதில்? ஒரு பண்டாரி சொல்கிற பதிலா அது? நான் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கடை எப்படிப் போனது என்று கேட்டேன். "போச்சு" என்றான். இன்னொரு மிளகாயைக் கடித்தான்.

மறுநாள் அவன் அறைக்குப் போனோம். அவன் குடியிருப்பது அக்கரையில், பட்டர்வொர்த்தில். ஃபெரி ஏறினோம். எனக்கோ தண்ணீர் என்றாலே பயம். குற்றால அருவியில்கூட ஓரமாக நிற்கிறவன். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆழம் எவ்வளவு இருக்கும்லே?" என்று கேட்டேன். "ஒனக்கு எவ்வளவு இருந்தா என்ன? நீச்சல் தெரியாதவனுக்கு அஞ்சடியும் ஒண்ணு, அம்பதடியும் ஒண்ணு" என்றான். பழைய காதர் கொஞ்சம் எட்டிப்பார்த்தான். எங்கள் பின்னால் இரண்டு மலாய்ப் பெண்கள் விடாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னவென்று கேட்டேன். "நாளைக்கு நோன்புப் பிறை பாப்பாங்களாம். மாமியாருக்கு விடியுமுன்ன ஸஹர் சாப்பாட்டுக்கு என்ன ஆக்கி வச்சாலும் குறை சொல்லுதாம். இந்த வருசம் பிஸ்கட்டு டப்பாவைத் திறந்து முன்னால வச்சுரப் போறேங்குது" என்று மொழிபெயர்த்தான். உலகம் முழுக்க மாமியார் ஒரே மாதிரிதான்.

அறை என்றால் ஒரு கட்டில், ஒரு ஒற்றை அடுப்பு, ஒரு ஜன்னல். அவன் மனைவி ஆயிஷா சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டில் இருக்கிறாள். "இந்த இடத்துல ரெண்டு பேர் மூச்சு விட முடியாதுல்லா. அதான் அங்க விட்டிருக்கேன்" என்றான்.

பாசாரில் வாங்கிப் போயிருந்த கெழுத்தி மீனை நான் ஆணம் வைத்தேன். பண்டாரிகளுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒரு பண்டாரி இருக்கும் இடத்தில் இன்னொருவன் ஆக்கினால், இறக்குவதற்கு முன்னால் கரண்டியை அவனிடம் கொடுத்து உப்புப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெரிய கல்யாணங்களில் இதற்காகவே முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கொதி வந்ததும் கரண்டியை நீட்டினேன். "உப்புப் பாரு மாப்ளே."

உள்ளங்கையில் ஊற்றி நக்கினான். கண்ணை மூடினான். தலையை ஆட்டினான். "கணக்கா இருக்கு. கை மாறலலே ஒனக்கு."

அப்போதுதான் என் கண் அடுப்பு ஓரத்தில் இருந்த உப்புப் பொட்டலத்தில் விழுந்தது. பிரிக்கவே இல்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் நான் உப்பே போடவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னலே, நக்கலா? கிண்டல் பண்ணுதியா?" என்று கத்தினேன். அவன் பொட்டலத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் சுருங்கி, திருடிப் பிடிபட்டவன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"கொரோனாக் காய்ச்சல் பத்து நாள்ல போயிருச்சு மைதீனு. மூக்கும் நாக்கும் அது கூடவே போயிருச்சு. திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. சில பேருக்குத் திரும்பாதுன்னும் சொன்னாரு. எனக்குத் திரும்பல. காரம் மட்டும் தெரியும், அதுவும் ருசி இல்ல, எரிச்சல்."

நான் அடுப்பைத் தணித்தேன்.

"கடையில யார்ட்டயும் சொல்லல. பண்டாரிக்கு மூக்கு இல்லைன்னு எவன்ட்ட சொல்ல? பழக்கத்துல ஆக்கினேன். ஒரு சீன டாக்ஸிக்காரரு, இருவது வருசமா மத்தியானம் நம்ம கடைதான். ஒரு நாள் ஒரு வாய் வச்சாரு. தட்டை ஓரமாத் தள்ளி, மேல டிஷ்யூவை மூடி வச்சாரு. தண்ணி குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. முதநாள் ஆணம் கெட்டுப் போயிருந்திருக்கு, எனக்கு வாடையே தெரியல. அவரு அப்பறம் வரல. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா வரல."

"என்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லலே?"

"நீ போன் போட்டதும் என்ன கேப்ப? இந்த வாரம் என்ன ஆக்கின, எப்படி வந்துச்சுன்னுதான் கேப்ப. ஒன்ட்ட பொய் சொல்ல வாய் வரல. அதான் எடுக்கல."

நாலு வருஷமாக நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கூச்சமே இல்லாமல் அழுதேன். அவன்தான் என் முதுகைத் தட்டி, "சரி, சரி, உப்பைப் போட்டு இறக்கு, மீன் கரைஞ்சிரும்" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் மண்டி வாசலில் நானும் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து உரித்தேன். சும்மா இருக்கக் கை வரவில்லை. அப்போது அந்த வட்டாரத்துச் சின்னப் பள்ளிவாசல் ஒன்றின் செயலாளர் வந்தார். ஹாஜியார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், துணிக்கடை வைத்திருப்பவர். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பண்டாரிக்குத் திடீரென்று ஆப்பரேஷனாம். பிறை இன்று தெரிந்தால் நாளை முதல் நோன்பு. ஆள் இல்லை.

நான் பண்டாரி என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அல்லாஹ்வே ஒங்களை அனுப்பியிருக்கான் லா."

"எனக்கு நாளக்கழிச்சு ஃப்ளைட்டு ஹாஜியாரே. இந்தா இருக்கான் என் கூட்டாளி, என்னைவிட நல்லாக் காய்ச்சுவான்" என்று காதரைக் காட்டினேன்.

ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் காதருக்குக் கேட்டது. "காதர் அண்ணன் நல்ல மனுசன்தான். ஆனா அவரு கறி கடைசியில எப்படி இருந்துச்சுன்னு இந்த ஜாலானுக்கே, தெரு முழுக்கத் தெரியும். அவருக்கு ருசி தெரியலைன்னு ஒரு பேச்சு இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! "ஹாஜியாரே, நோன்புக் கஞ்சி எப்பக் காய்ச்சுவீங்க? பகல்லதானே? பகல்ல எந்தப் பண்டாரி வாயில வச்சுப் பாக்கான்? நாக்கு நுனியில வச்சுத் துப்பலாம்னு சிலபேர் சொல்லுதாங்க, எங்க உஸ்தாது அதையும் விடமாட்டாரு. முப்பது நாளும் அளவுதான், கைதான், கண்ணுதான். நோன்பு நேரத்துல ருசி தெரிஞ்சவனும் தெரியாதவனும் ஒரே பண்டாரிதான்! இது தெரியாமயா செயலாளரா இருக்கீங்க?"

சொன்ன பிறகு கடைசி வார்த்தை அதிகம் என்று எனக்கே பட்டது. ஆனால் அவர் யோசித்தார். நியாயமான மனிதர். "சரி. முதல் நோன்புக்கு அவரு காய்ச்சட்டும். ஜமாஅத்துக்குப் பிடிச்சிருந்தா மாசம் முழுக்க அவருதான். பெருநாளுக்கு அப்பறம் வாராவாரம் வெள்ளிக்கிழமைச் சோறு ஆக்கவும் எங்களுக்கு ஆள் வேணும். பிடிக்கலைன்னா மறுநாளே வேற ஆளு. கோவிச்சிக்கக் கூடாது லா."

காதர்தான் மாட்டேன் என்றான். ஹாஜியார் போனதும் என் மேல் பாய்ந்தான். "ஒனக்கென்ன, ஃப்ளைட்டு ஏறிப் போயிருவ! பகல் முழுக்கக் காஞ்ச வாய் மைதீனு. அதுல கெட்டுப்போனதை ஊத்திட்டேன்னா? ஒரு டாக்ஸிக்காரரு முகமே இன்னும் தூங்க விடமாட்டேங்குது."

"நான் பக்கத்துல நிக்கேன். என் மூக்கு நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தான். பிறகு சொன்னான்: "மாசம் முழுக்கக் கிடைச்சா ஒரு வீடு பாக்கலாம். ஆயிஷாவைக் கூட்டிட்டு வந்துரலாம்." அவ்வளவுதான் சம்மதம். அன்று மாலை நாளை நோன்பு என்று டிவியில் சொன்னார்கள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பள்ளிவாசல் பின்கட்டில் அடுப்பு மூட்டினோம். மூன்று தேக்சா. அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொத்துக்கறி, ரம்பை இலை. நான் துடுப்புப் போட்டுக் கிண்டுவது மட்டும்தான், வேறு எதிலும் தலையிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். நானும் தலையாட்டினேன்.

தேங்காய்ப் பால் நாலு வாளி வந்து இறங்கியது. ஒரு வாளியில் எனக்கு லேசாகப் புளித்த வாடை அடித்தது. சொல்லலாமா, சொன்னால் மனசு உடைந்துவிடுவானா என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில், காதர் ஒரு சின்னச் சட்டியை அடுப்பில் வைத்தான். ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கினான். மூன்று நன்றாக இருந்தன. நாலாவது திரிந்தது. நான் மோந்து பார்த்த அதே வாளி. ஒன்றும் பேசாமல் தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கடைக்குப் போன் போட்டு வேறு வாளி கேட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டு கிண்டினேன். மூக்கு இல்லாதவன் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, மூக்கு செய்யும் வேலையைக் கண்ணிடம் கொடுத்திருக்கிறான்.

அதோடு நான் வாயைப் பொத்திக்கொண்டே இருந்திருக்கலாம். மத்தியானத் தொழுகை லுஹருக்குப் பாங்கு சொன்னது. ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும்; அவன் முதலில் தொழப் போனான். கஞ்சி குழைந்து பொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று எனக்கு ஒரு நினைப்பு. இவன் உப்புப் போட்டதை நான் பார்க்கவே இல்லையே! நம் ஊரில் நொய் நன்றாக உடைந்த பிறகுதான் உப்பு. இப்போது உடைந்துவிட்டது. மறந்துவிட்டான். பாவம், பயத்தில் மறந்துவிட்டான். அவன் வந்த பிறகு கேட்டால் பள்ளிவாசல் ஆட்கள் முன்னால் மானம் போகும். மெதுவாக நான் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. சட்டிக்கு ஒரு பிடி வீதம் அள்ளிப் போட்டுக் கிண்டிவிட்டேன். பெரிய உதவி செய்த திருப்தி எனக்கு.

காதர் வந்தான். முகத்தில் தொழுகைக்கு முகம் கழுவி ஒளுச் செய்த ஈரம். "நீ போய்த் தொழுதுட்டு வா" என்றான். நான், போகிற போக்கில், "உப்பு விஷயத்தைப் பத்திக் கவலைப்படாத" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எந்த உப்பு?"

அடுப்புக்குப் பின்னால் திண்டில் மூன்று கண்ணாடி டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அதைக் காட்டினான். "சட்டிக்கு ஒரு டம்ளர். உலைத் தண்ணியிலேயே போட்டுட்டேன். போட்ட டம்ளரைக் கவுத்து வச்சிருவேன், மறக்கக் கூடாதுன்னு. நீ என்னத்தலே போட்ட?"

சொன்னேன். வேறு வழி? வைதான் பாருங்கள்! முப்பது வருஷத்து மலேசியாவெல்லாம் உதிர்ந்து சுத்தக் கடையநல்லூர் வசவு வந்தது. "கோட்டிக்காரப் பயலே! மூதி! ஒன் கையை அடுப்புல வைக்க! மூக்கு இருக்கு, நாக்கு இருக்கு, அறிவு இருக்கா ஒனக்கு? ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போவ?" நோன்பு வாயோடு வைகிறோமே என்று அவனே இடையில் நிறுத்தி, தவ்பா செய்து, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஆரம்பித்தான். நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அத்தனையும் எனக்குத் தகும்.

பிறகு என் கையைப் பிடித்து உப்புச் சாக்குக்கு இழுத்துப் போனான். "அதே மாதிரி ஒரு பிடி எடு." எடுத்தேன். டம்ளரில் போடச் சொன்னான். மூன்றில் ஒரு பங்கு வந்தது. மூன்று பிடி போட்டுப் பார்த்தான். ஒரு டம்ளர் நிறைந்தது. டம்ளரைப் பார்த்து நின்றவன் முகம் மெல்லத் தெளிந்தது. "ஒரு டம்ளர் கூடிப்போச்சு. ஒரு டம்ளர்னா ஒரு சட்டி. உப்பில்லாம நாலாவது தேக்சா போட்டு எல்லாத்தையும் கலந்துட்டாக் கணக்குச் சரி."

ஆனால் அரிசி, பருப்பு, தேக்சா எல்லாம் ஸ்டோரில். சாவி ஹாஜியாரிடம். நாலாவது சட்டி எதற்கு என்று கேட்பார். முதல் நாளே இப்படி என்றால் மாதம் முழுக்கக் கிடைக்குமா? காதர் என்னைப் பார்த்தான். "நானே போறேன்லே. தப்பு என்னது" என்று சொல்லிவிட்டு, முறிந்து ஒட்டிய காலோடு துணிக்கடைக்கு ஓடினேன்.

ஹாஜியாரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப, ருசி தெரியாதவரு போட்டது சரி. ருசி தெரிஞ்ச நீங்கதான் கெடுத்துட்டீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான் ஹாஜியாரே."

"நேத்து என்னென்னமோ பேசினீங்களே லா" என்று முனகிக்கொண்டு, கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாவியோடு வந்தார்.

நாலாவது தேக்சா ஏறியது. காதர் கொதிநீர் ஊற்றி, நொய்யை ஊறவைத்துப் போட்டு, நெருப்பைக் கூட்டி, நேரத்தோடு ஓடினான். என்னைக் கிண்டவும் விடவில்லை. ஓரமாக நின்று கொத்தமல்லி ஆய்ந்தேன். கடைசியில் நாலையும் மாற்றி மாற்றிக் கலந்து, தேங்காய்ப் பால் ஊற்றி இறக்கும்போது சாயந்தரத்து அஸர் பாங்கு சொன்னது. சந்து முழுக்க அந்த வாசனை. சரியான வாசனைதான் என்று நான் சொன்னபோது, "மூக்கை நம்புறேன், கையை நம்ப மாட்டேன்" என்றான்.

வாசலில் வரிசை நின்றது. தூக்குவாளியோடு மலாய்க்காரர்கள், பிளாஸ்டிக் டப்பாவோடு வங்காளதேசத்து ஆட்கள், நெற்றியில் குங்குமத்தோடு இரண்டு தமிழ் அக்காக்கள், அரைக்கால் சட்டையில் சீனக் கிழவர் ஒருவர். நம் ஊர்ப் பள்ளிவாசல் வாசலிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வாளியோடு நிற்பார்கள். அந்த ஒரு காட்சியில் எனக்கு வெளியூர் என்பதே மறந்துவிட்டது. நோன்பு இல்லாத அக்காக்கள் இருவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், சீனக் கிழவர் போகவில்லை. அவர் அங்கேயே சுவர் ஓரம் நின்று மூடியில் ஊற்றிக் குடித்தார். காதர் கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். கிழவர் மூடியைக் குடித்து முடித்தார். மறுபடி ஊற்றினார். பிறகு டப்பாவைப் பார்த்தார், வீட்டுக்கு மிச்சம் இருக்காது போலிருக்கிறது என்று யோசித்தார்போல, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

காதர் அடுத்த தூக்குவாளியை வாங்கி விளிம்பு வரை ஊற்றினான்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தேன். என்ன சொல்ல? உப்பு அந்த இடத்தில் நின்றது. முப்பது வருஷமாக நான் எத்தனையோ கஞ்சி காய்ச்சியிருக்கிறேன், இந்தப் பதம் எனக்கு வந்ததில்லை. யா அல்லாஹ், இவனை நான் திட்டிய நாலு வருஷத்தையும் மன்னித்துவிடு என்று கேட்டுக்கொண்டேன். காதர் குடிக்கவில்லை. வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பையை யாரும் ஓரமாகத் தள்ளவில்லை.

தொழுகை முடிந்து ஹாஜியார் பின்கட்டுக்கு வந்தார். பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. "நாலு சட்டியும் காலி. வரிசைக்குச் சரியா இருந்துச்சு. நாளையில இருந்து நாலே போடுங்க, காதர் அண்ணே. காலையில எனக்குக் கடை இருக்கு, சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அவன் கையில் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். காதர் சாவியைக் கைலி மடிப்பில் செருகினான். போனை எடுத்தான். "ஆயிஷா, ஒன் சாமானெல்லாம் கட்டி வை" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ தெரியாது. இவன் திரும்பி நின்று வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் எனக்கு ஃப்ளைட். "ஏர்போர்ட்டுக்கு வருவல்லா?" என்று கேட்டேன்.

"எப்படிலே வர முடியும்?" என்றான், நான் ஏதோ கூறுகெட்டதனமாகக் கேட்டதுபோல. "பதினோரு மணிக்கு அடுப்பு மூட்டணும். நாலு சட்டி! இவன் பாட்டுக்கு ஏர்போர்ட்டுக்கு வாங்கான்."

அப்பாஸ் என்னை ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனான். உள்ளே ஒவ்வொருவரையும் சுற்றிப் பத்துப் பேர் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகப் பையைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நின்று மணி பார்த்தேன். பதினொன்று ஐந்து. காதர் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.